சோப்புக் கம்பெனிச் சீட்டு

“தயவுசெய்துன்னு சொல்லல. சீட்டு கிடையாது,” என்று சலவைக் கடைப் பெரியவர் கையிலிருந்த சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டார். கேட்டது நான். துவைத்த சட்டைகளை வாங்கப் போனவனை, ஆட்டத்துக்கு மூன்றாவது கை வேண்டும் என்று உட்கார வைத்தவரே அவர்தான். அன்றிலிருந்து நான் நிரந்தர ஆள்.

ஒரு காலத்தில் துணி சோப்பு உறைக்குள் படம் போட்ட ஆட்டச் சீட்டு ஒன்று வைத்து விற்றார்களாம். மீன்காரர் குடும்பம், ரொட்டிக்காரர் குடும்பம், கொத்தனார் குடும்பம் என்று ஒவ்வொன்றிலும் அப்பா, அம்மா, மகன், மகள். எல்லார் உடுப்பிலும் கறை. எல்லார் முகத்திலும் சிரிப்பு. கையில் இல்லாத ஆளை மற்றவரிடம் கேட்டு வாங்கிக் குடும்பத்தைச் சேர்க்க வேண்டும். கம்பெனி எப்போதோ படுத்துவிட்டது. அது அச்சடித்த ஆட்ட விதிகளுக்கு மட்டும் இன்னும் ஒரு காவலர் இருக்கிறார். தெருவில் பெரியவருக்குப் பெயர் ‘சட்டம்’.

அவருடைய மாப்பிள்ளை ஒருமுறை சீட்டை வைத்துக்கொண்டே இல்லை என்றாராம். “மாப்பிள்ளை மரியாதையெல்லாம் சாப்பாட்டுல. ஆட்டத்துல கிடையாது,” என்று எழுப்பி விட்டுவிட்டார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

இஸ்திரியிலும் அப்படித்தான். காலர் முதலில், கை அப்புறம். யாராவது பறந்தால், “அவசரம்னா கசங்கினதையே போட்டுட்டுப் போங்க,” என்பார்.

ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்காருபவர் அவருடைய தம்பி, கடையில் பங்காளி. அண்ணனைக் கேட்காமல் துவைக்கும் மெஷின் வாங்கி வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அந்த மெஷின் இன்றுவரை ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. அண்ணனுக்கு அதுதான் பெரிய எரிச்சல். ஆனால் கடை சாத்தும் முன் தினமும் ஓர் ஆட்டம் உண்டு. வாய் திறந்து கேட்காமல் சீட்டு கிடைக்காதே.

“ரொட்டிக்கார அம்மா இருக்காங்களா, தயவுசெய்து?”

“இருக்காங்க. இந்தாங்க.”

“நன்றி.”

விதியில் மரியாதை வேண்டும் என்றிருப்பதால் கூடப் பிறந்த தம்பிக்கே ‘ங்க’ போடுவார். வருஷக்கணக்கில் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், மனசும் கனத்துப்போகும்.

நேற்று அவர்களுடைய கடைசி ஆட்டம். இன்று காலை தம்பி, வெளியூரில் இருக்கும் தன் மகளோடு தங்கிவிடக் கிளம்புகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. நேற்றுப் பகல் முழுக்க அண்ணன் தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

ஆட்டத்தில் என் கை காலியாகிவிட்டது. தம்பியிடம் மீன்காரர் வீட்டில் மூன்று பேர். அண்ணனிடம் ஒரே ஒரு சீட்டு. அது யார் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

“மீன்கார அப்பா இருக்காரா, தயவுசெய்து?”

“இல்ல.”

தம்பி நிமிர்ந்து பார்த்தார். “மிச்சம் இருக்கறதே அந்த ஒண்ணுதான்.”

“இல்லன்னா இல்லதான். போயிட்டு வந்து கேளு.”

சொல்லிவிட்டு அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். பையின் பொத்தானை மாட்டப் பார்த்தார். அது நழுவிக்கொண்டே இருந்தது. தம்பி எழுந்து வந்து, குனிந்து, அதை மாட்டிவிட்டார்.