தெரிந்தால் மட்டும் அமுக்கவும்

பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பரீட்சை என்றால் பயம் கிடையாது. விடை தெரியாவிட்டாலும் கேள்வி கேட்டவரின் மனசைப் படித்து மார்க் வாங்கிவிடுவேன். தொம்மலூர் ஆபீசில் எனக்குச் சம்பளமும் அதற்குத்தான்: மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது. அந்தத் திமிர்தான் என் வலது கண்ணைக் காவு வாங்கப் பார்த்தது.

ஆறு மாதமாகத் தலைவலி. குனிந்து செருப்பு மாட்டினால் சில நொடி எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டுத் திரும்பி வரும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன். கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான், கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நெரிக்கிறதாம். "கண் கெட்டப்புறம் சூரிய..." என்று பழமொழியை ஆரம்பித்த என் கணவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பார்வை நன்றாக இருந்தால் மாத்திரை போதும், குறைய ஆரம்பித்திருந்தால் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. அதைப் பார்க்க ஒரு சோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். இடது கண் சுலபம். வலது கண்ணில் ரொம்ப நேரம் கீழ்ப்பக்கம் எதுவுமே தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பொட்டுக்கும் முன்னால் மெஷின் 'டிக்' என்று சத்தம் போடுவதைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்புறம் என்ன, சத்தம் கேட்டதும் அமுக்கினேன். கண்ணுக்குப் பதில் காது பரீட்சை எழுதியது.

டாக்டரம்மா என் நரம்பின் படத்தையும் ரிசல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நரம்பு இவ்வளவு வீங்கியிருந்தா ரிசல்ட் இவ்வளவு அழகா வராதும்மா. நடுநடுவுல மெஷின் சத்தம் மட்டும் போடும், லைட்டே வராது. அதுக்கும் அமுக்கியிருக்கீங்க."

எத்தனுக்கு எத்தன். அந்தப் பொறியை வைத்ததும் என் தொழில் செய்கிற யாராவதாகத்தான் இருக்கும்.

சோதனை எடுத்த பெண் கோபப்படவில்லை. மறுபடி உட்காரவைத்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள். "சொல்ப நிதானமா செய்யுங்க மேடம். இது எக்ஸாம் இல்ல. தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலன்னா சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். டிக், டிக் என்று சத்தம் போய்க்கொண்டே இருந்தது. என் கட்டைவிரல் அசையவில்லை. அவ்வளவு இடம் இருட்டாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்துபோனேன். மெஷினுக்குள் முகத்தை வைத்தபடியே அழுதேன்.

நரம்பைப் போர்த்தியிருக்கும் உறையில் சின்ன ஜன்னல் வெட்டினால் தேங்கிய நீர் வழிந்து இறுக்கம் குறையும் என்றார் டாக்டரம்மா. "போனது திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கறதக் காப்பாத்தத்தான் இது."

"வெட்டுங்க டாக்டர்" என்றேன். அழுது முடித்த பிறகு எனக்கு எப்போதும் தைரியம் வந்துவிடும்.

மறுநாளே வெட்டினார்கள். கண் தக்காளியாகச் சிவந்தது. ஒரு வாரம் எல்லாமே இரண்டாகத் தெரிந்தது. "ரெண்டு புருஷன் தெரியறாங்க, காபி மட்டும் ஒண்ணுதான் வருது" என்று கணவரைச் சீண்டினேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அதே கிண்ணம். 'டிக்' சத்தம் ஆசை காட்டியது. தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினேன். அந்தப் பெண் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்புத் திட்டு அதே இடத்தில், அதே அளவில்.

"அப்படியே இருக்கு மேடம். கறுப்பு கொஞ்சம்கூட ஏறல."

போன முறையைவிட ஒரு மார்க்காவது கூடுதலாக வாங்காமல் வீட்டுக்குப் போகாதவள் நான். அன்றைக்கு வெளியே காத்திருந்த கணவரிடம் ஓடி, "அதே மார்க்குதான்!" என்று கத்தினேன்.