தட்டைக் கூரைத் தலைநகரம்

பேரரசரின் பாட்டன்மார் பொட்டல் காட்டில் பிறந்தவர்கள். மழை அவர்களுக்குத் தூரத்து உறவு. எப்போதாவது எட்டிப் பார்க்கும், உட்காராமலே கிளம்பிவிடும். அதனால் வீட்டுக்குத் தட்டைக் கூரை போட்டு, அதன்மேல் படுத்து நட்சத்திரம் பார்த்தார்கள். பேரன் நாலு நாடுகளை வென்று, தலைநகருக்கு அருமையான இடம் பிடித்தார். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் ஆறு. எதிரி உள்ளே நுழைய முடியாது. நுழைந்த மேகமும் வெளியே போக முடியாது என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. பாதி வருஷம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். கூரை? தட்டையாகத்தான் இருக்க வேண்டும், முன்னோர் வழக்கமாயிற்றே! சரித்துக் கட்டியவனைக் குடும்பத்தோடு மலைக்கு அப்பால் துரத்திவிடுவார்கள்.

அந்த ஊரில்தான் நம் கூரைக்காரர் கொடிகட்டிப் பறந்தார். சுண்ணாம்புச் சட்டியும் கரணையுமாக ஒரு கூரையைப் பூசி முடிப்பதற்குள் தொடங்கிய மூலை மறுபடி ஒழுகும். "பேரரசர் வாழ்க!" என்று ஊரில் மனசார வாழ்த்தியவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அவர் வீட்டுக் கூரையும் தட்டைதானே? தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைக்குச் சளி கட்டி, நெஞ்சு விசில் அடித்தது.

"ஊரான் வீட்டு ஓட்டையெல்லாம் அடைக்கிறீங்க. நம்ம புள்ள தலையில சொட்டுறது கண்ணுல படலையா?" என்றாள் மனைவி. "சரிவா ஒரு கூரை போடுங்க. இல்லன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"போட்டா எல்லாருமா சேந்து போகணும்டி. துரத்திடுவாங்க!"

"அப்ப வெளிய போடாதீங்க. உள்ள போடுங்க."

கூரைக்காரர் பலகை தேடிக் கிளம்பினார். அன்றே அறைக்குள், தொட்டிலுக்கு மேலே, பலகைகளைச் சரித்து அடித்தார். மேலே பேரரசரின் வழக்கம் ஒழுகியது. கீழே பலகை அதை வாங்கிச் சுவரோரம் தள்ளிவிட்டது.

ஒரு வாரத்தில் வழக்கக் கண்காணிப்பாளர் வந்து நின்றார். வீடு வீடாகப் புகுந்து முன்னோர்களைக் காப்பாற்றுவது அவர் உத்தியோகம். சொட்டச் சொட்ட நனைந்து, தும்மிக்கொண்டே மேலே பார்த்தார்.

"என்னய்யா இது, கூரையா?"

"ஐயையோ! கூரை மேல இருக்குங்க. தட்டையா, முறைப்படி ஒழுகிக்கிட்டு இருக்குங்க. இது வெறும் பலகை."

"சரிவா இருக்கே?"

"அடிக்கும்போது இவருக்கு விக்கல் ஐயா," என்றாள் மனைவி.

கண்காணிப்பாளர் பலகைக்குக் கீழே வந்து நின்றார். சொட்டு விழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். குழந்தை சீராக மூச்சு விட்டுத் தூங்கியது.

"நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாய்யா," என்றார் குரலைத் தாழ்த்தி. "விக்கலோட வா."

அப்புறம் அமைச்சர் வீடு, தளபதி வீடு, கடைசியில் பேரரசரின் படுக்கையறை. அந்த மழை ஓய்வதற்குள் தண்டோரா போட்டுவிட்டார்கள்: பொட்டல் காட்டு முன்னோரும் கூரைக்கு அடியில் சரிவுப் பலகை வைத்துத்தான் வாழ்ந்தார்களாம், ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்ததாம். இனிமேல் பலகை இல்லாத வீட்டுக்காரன் மலைக்கு அப்பால்!

கூரைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "கேட்டியாடி? நம்ம வழக்கம் எவ்வளவு பழசு பாரு!"

"ஆமாமா," என்றாள் மனைவி, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே. "நம்ம புள்ளையவிடச் சின்னது. மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கப் போகுது."