இன்னொரு பத்தி

என் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளைக் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில்தான் பிரித்துப் படித்தேன். ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பால் கொடுங்கள்’ என்று இருந்தது. கணவர் தாளை வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பால் கட்டி, மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. திரும்பவும் போனோம். தலைமை நர்ஸ் மாத்திரை கொடுத்தார். கணவர் தாளை மேசையில் வைத்தார்.

“இதப் படிச்சுப் பாருங்க சிஸ்டர்.”

படித்ததும் அவர் முகம் வெளுத்தது. “கம்ப்யூட்டர்ல பிரசவம்னு போட்டா இந்தப் பத்திதான் வந்து விழும். தேனியில இருக்க எங்க பெரிய ஆஸ்பத்திரியில எழுதி வச்சாக. இப்பிடி வெறுங்கையோட போறவுகளுக்குன்னு யாரும் எதுவும் எழுதலம்மா.”

“எழுதுங்க,” என்றேன். “நானும் எழுதுறேன். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும்.”

நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துவந்தேன். உடம்பு தேறி வேலைக்குப் போனபோது, ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் எழுத நர்ஸ் எனக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தார். சர்க்கரைக்கு ஒரு பத்தி, தையல் போட்ட புண்ணுக்கு ஒரு பத்தி என்று அதில் வரிசையாக இருந்தன. தேவையானதை எடுத்து நோயாளியின் தாளில் சேர்த்துக்கொள்வார்கள். கம்பம், தேனி இரண்டு இடத்துக்கும் அதுதான்.

மதியம் கூட்டமில்லாத நேரத்தில் நான் சென்டரிலும் அவர் ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்து எழுதினோம். அவர் அடிப்பது என் திரையில் வந்துகொண்டே இருந்தது. ‘பால் சுரக்கும். பயப்படாதீர்கள். குளிர்ந்த துணி வையுங்கள்.’ வைத்தியம் எல்லாம் அவர் எழுதினார். நான் ‘உங்கள் குழந்தை’ என்று ஓரிடத்தில் எழுதினேன். அது அழிந்து ‘சிசு’ என்று ஆனது. மறுபடி மாற்றினேன். அவரிடமிருந்து போன் வந்தது.

“அதப் பாத்தா அழுவாகம்மா.”

“அழட்டும் சிஸ்டர். நான் பெத்தது பிள்ளதான?”

அந்த வார்த்தையை அதன்பின் அவர் தொடவில்லை. தேனி டாக்டரம்மா படித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இது உங்கள் தவறால் நடந்ததல்ல.’ அதைப் படித்துவிட்டு சென்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சில வாரம் கழித்து நர்ஸ் போனில் கூப்பிட்டார். “நேத்துக் கூடலூர்ப் பொண்ணு ஒருத்திக்கு நம்ம பத்தியக் குடுத்தோம்.”

“படிச்சாளா?”

“அங்கனயே நின்னு படிச்சா. ஒண்ணும் கேக்கல. தாளக் கையிலயே வச்சுக்கிட்டுப் போனா.”

சரி என்று வைத்துவிட்டேன். நாங்கள் எழுதிய பத்திக்கும் வேலை வந்துவிட்டதே என்று இருந்தது.