டயருக்குத் தைலம்

கையில் தைலம் இருந்தால் போதும், பஷீர் அகமது உலகத்தையே குணப்படுத்திவிடுவார். கொடைக்கானல் பஜாரில் யூகலிப்டஸ் தைலக் கடை வைத்திருக்கிறார். சளிக்கும் மூட்டுவலிக்கும் எல்லாரும்தான் தேய்க்கிறார்கள். பாயோ, எறும்பு வந்தாலும் தெளிப்பார், பீரோ கதவு கிறீச்சிட்டாலும் ஒரு சொட்டு விடுவார். மருமகன் முகங்கொடுத்துப் பேசவில்லை என்றால்கூட ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவார். அப்படி ஒரு நம்பிக்கை.

தைலத்துக்கு அடுத்தபடி அவருக்கு உசிர், அந்தக் கறுப்பு மோட்டார்சைக்கிள். வாரம் முழுக்கக் கடைக்குப் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மனைவி சர்புன்னிசாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பண்ணைக்காட்டில் இருக்கும் மகள் ஜஹீரா வீட்டுக்குப் போவார். வீட்டில் கேட்ட கேள்விக்கே பதில் வராது. வண்டியில் ஏறிவிட்டாலோ மனுஷன் வாய் ஓயாது. சின்ன வயசில் பட்ட பாடு, வாப்பாவிடம் வாங்கிய அடி, மனசுக்குள் கிடக்கும் பயம் எல்லாம் மலையிறக்கத்தில்தான் வெளியே வரும். சர்புன்னிசா புருஷனைத் தெரிந்துகொண்டதே பாதி அந்தப் பின்சீட்டில்தான். அந்தப் பயணத்துக்காகவே அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை போர்வையை எடுத்தவள் குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, டயருக்குப் பித்தவெடிப்பு வந்துருக்கு.”

“டயரு மேல இருக்குற பட்டனைப் பாரு புள்ள, தேயவே இல்ல. மொட்டையானாத்தான் மாத்தணும்.”

“ஓடாம நின்னாலும் ரப்பரு காஞ்சு போகும்ல? வாங்கி எட்டு வருசமாச்சு. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும்? மாத்துற வரைக்கும் நான் ஏற மாட்டேன்.”

பாய்க்குச் சுருக்கென்றது. கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய வண்டியைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்த வாரம் பயணம் இல்லை. மறுவாரம் அவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். பஞ்சில் தைலம் நனைத்து, ரெண்டு டயரையும் சுற்றிச்சுற்றித் தேய்த்தார். வெடிப்பெல்லாம் மறைந்து டயர் பளபளத்தது.

“இப்பப் பாரு, புதுசு மாதிரி கெடக்கு.”

சர்புன்னிசா தைல வாடைக்கு மூக்கைச் சுளித்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பாய்க்கு வீம்பு. அவரும் வண்டியைக் கிளப்பி, அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார்.

பெருமாள்மலைக்கு முந்தின வளைவில் தூறல் பிடித்துக்கொண்டது. பிரேக்கைத் தொட்டதும் பின்சக்கரம் வழுக்கி வண்டி அப்படியே சாய்ந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும், பாய் எம்மாத்திரம்! எப்படியோ காலை ஊன்றி விழாமல் நிறுத்திவிட்டார். ஆனால் அந்த நொடியில் அவர் அல்லாவைக் கூப்பிடவில்லை. “சர்பு, கெட்டியாப் புடிச்சுக்க!” என்று கத்திவிட்டு, இடது கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். சீட் காலியாக இருந்தது. அவள் இல்லாததற்கு நிம்மதிப்படுவதா, இருந்திருந்தால் என்று நினைத்து நடுங்குவதா? அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரெண்டு காலையும் தரையில் தேய்த்தபடி பெருமாள்மலைக்கு வந்து சேர்ந்தார். பஸ் போயிருந்தது. சர்புன்னிசா டயர் கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றாள்.

“பஸ்ஸ விட்டுட்டியா?”

“பின்னாலயே வந்த வண்டியக் காணோம், எறங்கிட்டேன். உங்கள விட்டுட்டா போகச் சொல்றீக?”

பாய் வண்டியைக் கடைக்குள் தள்ளினார். கடைக்காரர் கதிர்வேல் குனிந்து முகர்ந்தார்.

“என்ன பாய், டயருக்குச் சளியா?”

சர்புன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதிர்வேல் பட்டனைத் தடவிப் பார்த்தார்.

“எண்ணெயத் தொடச்சுட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும் பாய்.”

போன வாரம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாய் அவருக்குப் பிரியாணியே வாங்கித் தந்திருப்பார்.

“ஓடும்யா, நிக்கணும்ல! ரெண்டையும் மாத்து.”

மாட்டி முடித்த கதிர்வேல், புது டயர் கொஞ்ச நாளைக்கு வழுக்கும், வெரசாப் போகாதீங்க என்று சொல்லி அனுப்பினார். சர்புன்னிசா ஏறி உட்கார்ந்தாள். பாய் மாட்டுவண்டி வேகத்தில் இறங்கினார். வழக்கமான பேச்சு ஒன்றுமே வரவில்லை. முதல் வளைவில் மட்டும் கேட்டார்.

“சர்பு, இருக்கியா?”

“இருக்கேங்க.”

அடுத்த வளைவிலும் கேட்டார். அதற்கடுத்த வளைவிலும் கேட்டார். சர்புன்னிசா அவர் தோளில் கையை வைத்தாள்.

“இங்கனதான் இருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”