மஞ்சள் துணி முடிச்சு

தாராவித் தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தவள் மாரீஸ்வரி. புருஷன் பூலோகத்துக்குக் குடலில் புற்றுநோய் முற்றி, இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே வேலையை விட்டாள். ஐந்து மாதமாக அவரைப் புரட்டிப்போட்டுத் துடைத்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவர் பிழைக்க வேண்டுமென்று மஞ்சள் துணியில் காசு முடிந்து, அம்மன் படத்தில் கட்டியிருந்தாள்.

"ஏட்டி, அந்த முடிச்சுதான் என் உசுரைப் போகவிடாமப் பிடிச்சிருக்கு. அவுத்துரு," என்றார் அவர்.

"என் தாலியை நானே அவுக்கணும்னு சொல்லுதியளா? சும்மா கெடங்க," என்று ஏசினாள்.

மறுநாள் அவர் வலி பொறுக்காமல் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மாரீஸ்வரி எழுந்துபோய், இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

"தானா அவுந்துபோச்சு தாயே," என்று அம்மனிடம் பொய் சொன்னாள்.

பிறகு அவர் காதோரம் குனிந்து, "அவுத்துட்டேன்," என்றாள்.