பச்சைச் சீட்டு

பஸ்ஸில், கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். இருபத்தொன்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவருக்கு இதுதான் கொள்கை. கூட வேலை பார்த்தவர்கள் 'மோப்பம்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் மனிதரின் மூக்கு ஓயவில்லை. ஃபேன் ரிப்பேர்காரன் உண்மையிலேயே புதுக் கண்டென்சர் போட்டானா என்று பார்க்க ஸ்டூல் போட்டு ஏறியவர், தொபுக்கடீர் என்று விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். புதுசுதான் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். சாயங்காலம் அரைமணி நேரம் ஒரே ஓர் ஆள் வந்து பார்க்கலாம். மகன் வந்தான். வார்டுச் சுவரில் இன்டர்நெட் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். "இனாமா குடுக்குறான்னா ஒட்டுக்கேக்கத்தான்" என்று இரண்டு நாள் அதைத் தொடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. நர்ஸிடம் போனை நீட்டினார்.

முகம் வந்தது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் வீட்டில் ஜன்னல் கம்பியோரம் போனைப் பிடித்தால்தான் படம் தெரியும். அப்போதும் பாதி வார்த்தையை முழுங்கிவிடும். இப்போதோ பளிச்சென்று தெரிந்தாள். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க. கதவெல்லாம் பூட்டிட்டேன். கேஸையும் மூடிட்டேன்."

கதவைப் பற்றி யார் கேட்டார்கள்? கேட்பதற்கு முன்பே நீட்டுகிறாள்!

"போனக் கொஞ்சம் திருப்பு. சமையல்கட்டப் பாக்கணும்."

"சார்ஜ் இல்லீங்க" என்றாள். படம் போய்விட்டது.

மறுநாளும் அதே வெள்ளைச் சுவர். கழுத்துவரை சால்வை. வலது கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டுகிறது. எந்த ரிப்பேர்காரன் மேலும் நம்பிக்கையில்லாமல் அவர்தான் யாரையும் கிட்டே விடவில்லை. அந்தச் சொட்டுச் சத்தத்தையும் காணோம். படுத்தபடியே கூட்டிக் கழித்துப் பார்த்தார். வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். "எங்க ஃப்ளாட்டுக்கு வந்துடுங்கப்பா" என்று மகன் இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். கிழவன் படுத்த நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டான், இவளும் உடந்தை. அவருக்கு வயிறு எரிந்தது. இனி மகன் வீட்டில், யாரோ வாங்கிப்போட்ட கட்டிலில், ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதானா என்று பயமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம் வந்தது.

"மொதல்ல என் வீட்டக் காட்டட்டும். அப்புறம் கையெழுத்து."

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "நாளைக்குக் காலைல ஆபரேஷன், ஐயா. இன்னும் தள்ளிப்போட்டா அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிடும்."

"ஆகட்டும்."

சாயங்காலம் மகன் வந்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இடதுபக்கம் லிஃப்டிலிருந்து வருவார்கள். இவன் வலதுபக்கப் படிக்கட்டிலிருந்து வந்தான். மூன்று மாடி ஏறியவனுக்கு மூச்சு வாங்க வேண்டாமா? மேலேயிருந்து இறங்கி வந்தவனைப் போல அல்லவா நிற்கிறான்! தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது சட்டைப் பையில் மஞ்சள் அனுமதிச் சீட்டு தெரிந்தது. அதன் பின்னால் பச்சையாக இன்னொரு சீட்டின் ஓரம்.

பழக்கதோஷத்தில் கை நீண்டது.

"சீட்ட எடு."

"என்னப்பா?"

"ரெண்டையும் எடு."

மகனின் முகம் வெளுத்துவிட்டது. மஞ்சளில் மூன்றாவது மாடி, அவர் பெயர். பச்சையில் நான்காவது மாடி, இதய நோய்ப் பிரிவு. நோயாளியின் பெயர் இருக்கும் இடத்தில் அவர் மனைவியின் பெயர். சேர்த்த தேதி, அவர் ஸ்டூலிலிருந்து விழுந்த தேதி.

"உங்களத் தூக்குனப்பவே அம்மாவுக்கு நெஞ்சு வலிச்சிருக்குப்பா. உங்கள இங்க சேர்த்தப்புறம்தான் வாயத் தொறந்தாங்க. இப்போ பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா ஆபரேஷன் வேண்டாம்னு உக்காந்துடுவீங்கன்னு அம்மாதான் மறைக்கச் சொன்னாங்க."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் சுவரைப் பார்த்திருந்தார், சால்வையைப் பார்த்திருந்தார், குழாய்ச் சத்தத்துக்குக் காதைத் தீட்டியிருந்தார். அவள் முகத்தை மட்டும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்ததும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"போனப் போடு" என்றார்.

மகன் அதற்குள் அம்மாவுக்கு மெசேஜ் தட்டியிருந்தான். படம் வந்ததும், இவர் வாயைத் திறப்பதற்குள், அவள் சால்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்துக் காட்டினாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, புறங்கையில் ஊசிக் குழாய்.

"கேக்குறதுக்கு முன்னாடியே காட்டுறேன். புடிக்கணும்னா புடிங்க."

இருபத்தொன்பது வருடத்தில் ஒருவரையும் சும்மா விட்டதில்லை அவர்.

"பத்திரமா வெச்சுக்கோ. எறங்குற வரைக்கும் கைல இருக்கணும்."

"நான் ஏறி அஞ்சு நாளாச்சு" என்றாள் அவள். "நீங்கதான் இன்னும் படிக்கட்டுலயே நின்னு வம்பு பண்றீங்களாமே. மொதல்ல உள்ள ஏறுங்க."

அவர் நர்ஸைக் கூப்பிட்டுப் பேனாவை வாங்கினார். பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக்கூட முன்னும் பின்னும் படித்துப் பார்க்கிற மனிதர், நாலு பக்கப் படிவத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.