ஒரே கியர்ல வச்சு ஓட்டுங்கக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்கால். அரியலூர் ரயில்வே மேம்பாலம், பாதி ஏற்றம். எனக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி. எனக்குக் கீழே, என் பேச்சைக் கேட்காத ஒரு கியர் சைக்கிள்.

கியரைக் குறைக்கிறேன். 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. கியர் விழவில்லை. அழுத்தி மிதிக்கிறேன்... செயின் பல்லில் நிற்காமல் நழுவ, பெடல் சும்மா சுற்ற, முழங்கால் நேராக ஹேண்டில்பாரில் போய் இடித்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஓரங்கட்டி, இறங்கி, மிச்சப் பாலத்தைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிடம் லேட். ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு.

அந்தக் கோடுதான் எனக்கு முழங்காலைவிட அதிகம் வலித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். பதினெட்டு வருடம் என் கணவரின் ஸ்கூட்டர் பின்சீட்டில்தான் வேலைக்குப் போனேன். நல்ல மனிதர். குறை சொல்ல மாட்டேன் — சரி, சொல்கிறேன். "இதோ வந்துட்டேன்" என்பார். அப்புறம்தான் சாவியைத் தேடுவார். சாவி கிடைத்ததும் ஹெல்மெட்டைத் தேடுவார். நான் டிபன் பையோடு வாசலில் நிற்பேன். தெருவில் போகிற எல்லோரும் "இன்னும் கிளம்பலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த ஜூனில், பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் மாடிப்படிக்கு அடியில் விட்டுப்போன கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். அன்றிலிருந்து சிவப்புக் கோடு கிடையாது. யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. ஐம்பது வயதில் இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று கேட்பீர்கள். ஆமாம், அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சைக்கிள்தான் மூன்று வாரமாக மக்கர் செய்தது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு ரிடையர்டு ஓவர்சியர். கையோடு ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்தார். பின்னால் இருந்த ஒரு ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு என் கணவரிடம் கேட்டார், "மேடத்துக்கு கியர் போடத் தெரியுதுங்களா?" மேடம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் கேட்டால் வாய் வலிக்குமா?

அடுத்து என் கணவர். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் பேசுவதைப் பாதி பார்த்தார். அதே ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் திருப்பினார். மீதி வீடியோவைப் பார்க்கவில்லை. கிரிக்கெட் வந்துவிட்டது.

மூன்றாவதாக பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் கடை. கடைக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"ஒரே கியர்ல வச்சு ஓட்டுங்கக்கா. அத எதுக்கு நோண்டிக்கிட்டு?"

ஏழு கியர். மீதி ஆறைத் தொடக்கூடாதாம்.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் ரிப்பேர் என்றாலே இதுதான். ஃபேன் ரெகுலேட்டர் மூன்றாம் நம்பரில் மாட்டிக்கொண்டால், மூன்றிலேயே வையுங்கள். அடுப்பில் ஒரு பர்னர் எரியவில்லையா? இன்னொன்று இருக்கிறதே. கார் கண்ணாடி இறங்கவில்லையா? இறக்காதீர்கள். கெட்டுப்போனதைச் சரி செய்வதைவிட, அது இல்லாமல் இருக்க நம்மைப் பழக்குவது சுலபம் போலிருக்கிறது.

போதாததற்கு பெரம்பலூரிலிருந்து நாத்தனார் போன். "ஏன் அண்ணி, இந்த வயசுல எதுக்கு கியர் சைக்கிளு? அண்ணன்தான் கொண்டாந்து வுடுறேங்குதுல்ல?"

மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மதிய இடைவேளையில் கணவரின் போன். சின்ன ஊர். நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பாலத்துல தள்ளிக்கிட்டு போனியாமே? நாளையிலேர்ந்து வண்டியிலயே போயிடலாம். சைக்கிள பழைய சாமான்காரர்ட்ட போட்ருவோம்."

போனை வைத்தேன். மறுநாள் காலை நான் வாசலில் பையோடு நிற்பது இப்போதே கண்ணில் தெரிந்தது. எரிச்சலில் தயிர்சாதம் இறங்கவில்லை.

பக்கத்தில் நூருன்னிசா டீச்சர். சயின்ஸ் எடுப்பவர், லப்பைக்குடிக்காட்டுக்காரர். கணவர் துபாயில் இருப்பதால், வீட்டில் மோட்டார் நின்றாலும் மிக்சி நின்றாலும் இவர்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பலேர்ந்து டீச்சர் இப்புடி?"

மூன்று வாரத்தில் ஒருத்தராவது இதைக் கேட்டார்களா? யோசித்தேன். "ஆயுத பூஜைக்கு அப்புறம்தான்."

"அன்னிக்கு சைக்கிள என்ன பண்ணுனீங்க?"

என்ன செய்வோம்? கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றினோம். சொல்லும்போதே எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரங்கள், இட்லித்தட்டு மாதிரி அடுக்காக. கடைக்காரர் ஊற்றிய எண்ணெயில் லாரிப் புழுதி அப்பி, எல்லாம் கறுப்புக் களிம்பு. துணியால் துடைத்தேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஹேர்பின்னால் நெம்பி இழுத்தேன். வந்தது... வந்துகொண்டே இருந்தது. செவ்வந்திப்பூ கட்டிய வாழைநார். இறுகச் சுற்றிக்கொண்டு, செயினைப் பல்லில் உட்கார விடாமல் தடுத்திருக்கிறது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பூஜை முடிந்து பள்ளி திறந்த அன்று, அவசரத்தில் அந்தப் பூச்சரத்தை வெடுக்கென்று பிடுங்கியது நான்தான். பாதி கையோடு வந்தது. மீதி எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. மூன்று வாரமாக ஊரில் உள்ள எல்லோரையும் திட்டித் தீர்த்தவளும் நான்தான்.

பிறகு, கணவர் பாதியில் விட்ட வீடியோவின் மீதியைப் பார்த்து, கியர் ஒயர் வந்து சேரும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே, ஒரு 'டக்'குக்கு ஒரு கியர் என்று விழும்வரை. அரைமணி நேரம். அவர்கள் திருப்பிய ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. ஓவர்சியர் திருப்பியதை என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் திருப்பி, அது எப்படியோ பழைய இடத்துக்கே வந்திருந்தது.

கணவர் வந்தார். "குடு, பாக்குறேன்" என்று ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பினார். ஏழு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்திருக்கும். இறங்கும்போது முகம் நிறைய பெருமை.

"பாத்தியா? அன்னிக்கு நான் திருப்புன ஸ்க்ரூ, இப்பதான் செட்டாயிருக்கு."

நார் இன்னும் என் உள்ளங்கையில்தான் இருந்தது. 'அது இல்லைங்க' என்று ஆரம்பித்தால் நாரைக் காட்ட வேண்டும். நாரைக் காட்டினால், பிடுங்கியது யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெரம்பலூர் வரை செய்தி போகும். கையை மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றேன்.

பேர் அவருக்குப் போகட்டும். பள்ளிக்கூடத்துக்கு நான் போய்க்கொள்கிறேன்.